பெண்களிடம் பேச ஓர் ஆள்

என்னைக் கட்சியில் சேர்த்தது கொள்கை இல்லை; என் வீட்டுக்காரர். அவர் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தார். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "கிளையில பொம்பளைங்ககிட்டப் பேச ஒரு ஆள் வேணுமாம். ஒன் பேரச் சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா வேணாம்னுதானே சொல்லுவே?"

அது ஐம்பதுகளின் கடைசி. எல்லாரும் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதுவரை எந்தக் கட்சிக்காரரும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது வீட்டுக்குள் இருக்கும் பெண்ணும் வெளியே வந்து ஓட்டுப் போட்டாக வேண்டும். அவளிடம் பேசுவது யார்? ஆண்கள் போனால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதற்குத்தான் நான்.

நாங்கள் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியறை ஒன்றில் குடியிருந்தோம். இரண்டு பிள்ளைகள். அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ரவிக்கை தைக்க உட்காருவேன். தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்திருந்தேன். பொதுக்குழாயடியில் சீனப் பெண்களோடும் மலாய்ப் பெண்களோடும் நின்று நின்று மலாய் சரளமாக வந்திருந்தது. கட்சிக்கு அது போதுமாயிருந்தது.

கிளை அலுவலகம் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்தது. மிளகாய் அரைக்கிற நாளில் கூட்டம் நடந்தால், தீர்மானம் வாசிக்கிறவரும் தும்முவார், அதை எதிர்க்கிறவரும் தும்முவார். கிளைத் தலைவர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர். நல்ல மனிதர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தங்கச்சி, இனி நீங்கதான் மகளிர் பகுதிச் செயலாளர்."

"மகளிர் பகுதியில யார் யார் இருக்காங்கண்ணே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்போதைக்கு நீங்கதான்."

இரண்டாவது ஆளாக வந்தவள் லாரிக்காரரின் மனைவி. லாரிக்காரர் கிளையின் செயற்குழுவில் இருந்தார். மூன்று லாரிகள் வைத்து மணலும் செங்கலும் ஏற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு ஆள் ஏற்றி வர, மேடை போட, கொடி கட்டிக்கொண்டு ஊர்வலம் போக எல்லாவற்றுக்கும் அவருடைய லாரிதான். அவருக்குக் கிளையில் இருந்த மரியாதை தலைவருக்குக்கூட இல்லை. அவர் மனைவி என்னைவிட நாலைந்து வயது இளையவள். பாலம் தாண்டி ஜொகூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தச் சந்தில் எந்த மாடியில் யார் குடியிருக்கிறார்கள், அந்த வீட்டு மாமியார் எந்நேரம் தூங்குவாள் என்பது வரை அவளுக்குத் தெரியும்.

"நாலு மணிக்குப் போனா மாமியா தூங்கும் அக்கா. மருமவகிட்ட அப்பப் பேசிரலாம் லா," என்பாள்; மலாய்ப் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்ட அந்த 'லா' அவள் வாயில் அடிக்கடி வரும். அவள் சொன்ன நேரத்துக்குத்தான் போவோம்.

அந்தத் தேர்தலுக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஏறி இறங்கிய படிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முழங்கால் வலிக்கிறது. ரவிக்கை வெட்ட வைத்திருந்த பழுப்புக் காகிதத்தில் வாக்குச் சீட்டு மாதிரி கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். கையில் பென்சில். "எந்தச் சின்னம் வேணுமோ அதுக்குப் பக்கத்துக் கட்டத்துல ஒரே ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான்" என்று சொல்லிக் கொடுப்போம். பென்சிலையே கையில் பிடித்திராத பெண்கள் எத்தனையோ பேர். ஒரு அம்மா நாலு கட்டத்திலும் அழகாக ஒவ்வொரு குறி போட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஏம்மா எல்லாத்துலயும் போட்டீங்க?" என்று கேட்டேன். "எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போன பிள்ளைங்கதானே. ஒருத்தருக்குப் போட்டு மத்தவங்க மனசு நோகலாமா?" என்றார். லாரிக்காரர் மனைவி படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீட்டில், அந்தப் பெண்ணின் அடையாள அட்டையைப் புருஷன் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். ஓட்டு நாளன்று காலையில் நாங்கள் மறுபடியும் போய், அவன் வேலைக்குக் கிளம்புமுன் வாசலில் நின்றோம். ஓட்டுப் போடாவிட்டால் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து போய்விடும், பிறகு எதற்குப் போனாலும் கேள்வி வரும் என்று நான் சொன்னேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தான்.

ஓட்டு நாளுக்குப் பத்து நாள் முன்பு ஃபேரர் பார்க் திடலில் பெரிய கூட்டம். லாரிக்காரரின் லாரிதான் மேடை. பக்கப் பலகையை இறக்கி, கொடித் துணி சுற்றி, ஏறுவதற்கு ஒரு ஏணி. சீனத்தில் பேசினார்கள், மலாயில் பேசினார்கள், ஆங்கிலத்தில் பேசினார்கள். தமிழ் கடைசி. அதிலும் பெண் பேசுவது கடைசிக்கும் கடைசி. தலைவர் எனக்கு இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். "விழிப்புற்றெழும் தாய்க்குலமே" என்று ஆரம்பிக்கும். ஏணியில் ஏறும்போதே பயம் பிடித்துக்கொண்டது. விளக்கு வெளிச்சத்தில் எழுத்தே தெரியவில்லை. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"நான் காலையில அஞ்சு மணிக்குக் குழாயடியில நிக்கிறவ," என்று ஆரம்பித்தேன். "அங்க என்னை நீங்க பாத்திருப்பீங்க." கூட்டத்தின் பின்னால் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். பயம் போய்விட்டது. தண்ணீரைப் பற்றிப் பேசினேன். பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவதைப் பற்றிப் பேசினேன். ஒரு ஆணுக்கு ஒரே மனைவி என்று சட்டம் கொண்டுவரப் போவதாகக் கட்சி சொல்லியிருந்தது. அதைச் சொல்லும்போதுதான் எனக்கே குரல் ஏறியது. "ஒருத்திகூட வாழ்ந்துக்கிட்டே இன்னொருத்திக்குத் தாலி கட்டுறத நம்ம ஆளுங்க பெருமையா பேசுறாங்க. இனி அது நடக்காது" என்றேன். பெண்கள் கை தட்டினார்கள். ஆண்கள் சிலர் சீட்டியடித்தார்கள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற லாரிக்காரர் மனைவி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். லாரிக்காரரும் தட்டினார்.

அந்தத் தேர்தலில் ஜெயித்தோம்.

ஜெயித்த பிறகுதான் வேலை அதிகமானது. வாரம் ஒருநாள் சாயங்காலம் மக்கள் குறை சொல்ல வருவார்கள். ஆண்கள் வேலை கேட்டும் லைசென்ஸ் கேட்டும் வருவார்கள். பெண்களின் குறையை எழுதுவதற்கு மூலையில் எனக்கென்று ஒரு மேசை. எழுதிய மனுக்களில் பாதி புருஷன்மாரைப் பற்றியவை. வீட்டுக்கு வருவதில்லை, அடிக்கிறார், ஊரில் இன்னொரு குடும்பம் இருப்பது இப்போதுதான் தெரியவந்தது. நான் எழுதி எழுதித் தலைமையகத்தில் இருந்த மகளிர் அமைப்புக்கு அனுப்புவேன். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதும் அந்தக் குரல்கள் காதில் கேட்டுக்கொண்டிருக்கும். சில நாள் என் வீட்டுக்காரர் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். "நான் என்ன பண்ணினேன்?" என்பார் பாவம்.

ஒரு மனைவிச் சட்டம் வரப்போவது உறுதியாகி, நாளும் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் வரிசையில் ஆறாவதாக லாரிக்காரர் மனைவி நின்றாள்.

கிளைக்கு அவள் எப்போதும் பின்படி வழியாக, தேநீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவள். அன்றைக்கு முன்படியில் ஏறி, மற்றவர்களோடு சுவரோரம் நின்றாள். நான் கூப்பிட்டும் முறை வரும்வரை வரவில்லை. அவள் முறை வந்ததும் எனக்கெதிரே நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"என்ன இது? வீட்டுக்கு வந்திருக்கலாம்ல?" என்றேன்.

"வீட்டுக்கு வந்தா நீங்க என்கூடச் சேந்து அழுவீங்க. வரிசையில வந்தா எழுதித்தானே ஆகணும் அக்கா. எழுதுங்க."

சொன்னாள். லாரிக்காரர் இரண்டாம் கல்யாணம் செய்யப்போகிறார். ஜொகூரில், அவள் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துப் பெண். பதினேழு வயது. சட்டம் வந்துவிட்டால் முடியாதே என்று அவசரமாக நாள் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை இல்லை என்பது காரணம். "கட்சியிலயே சொல்லிட்டாங்களே, இனிமே முடியாதுன்னு. அதுக்கு முன்னாடி முடிச்சாகணும்னு என்கிட்டயே சொல்றாரு. நல்ல புடவை எடுத்துத் தர்றாராம். வந்து நிக்கணுமாம்."

பேனாவைத் திறந்து, மற்ற மனுக்களைப் போலவே பெயர், முகவரி, புருஷன் தொழில் என்று ஆரம்பித்தேன். புருஷன் எந்தக் கட்சி உறுப்பினர் என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுதினேன். கீழே அவள் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். வைத்த பிறகு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி போடணுமா அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம், வீட்டுக்குப் போ என்றேன்.

எல்லாரும் போன பிறகு தலைவர் என் மேசைக்கு வந்தார். செய்தி அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"தங்கச்சி, அத எங்கிட்டக் குடுங்க."

"எதுக்குண்ணே?"

"கிழிச்சிடலாம். இது குடும்ப விஷயம். பேசி முடிச்சுக்குவாங்க."

"நான் எழுதுற எல்லாமே குடும்ப விஷயந்தானே அண்ணே?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சட்டம் இன்னும் வரலம்மா. வர்ற வரைக்கும் அது குத்தமில்ல. அவரு போயிட்டா லாரி போச்சு, அவரு பின்னாடி இருக்கிற ஆளுங்க போச்சு. உள்ளுக்குள்ள ஏற்கெனவே ரெண்டு அணியா நிக்கிறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். மேலே பெரியவர்களுக்குள் பிளவு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கிளையிலும் யார் எந்தப் பக்கம் என்று ஒருவரையொருவர் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த லாரியின் மேல் நின்று நான் பேசியதும் அவருக்குத் தெரியும். அதைச் சொன்னேன். அவர் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார். கெட்ட மனுஷர் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். களைத்துப்போயிருந்தார். எல்லாரும் களைத்துப்போயிருந்தோம்.

மறுநாள் காலை கடிதத்தை நானே தபாலில் போட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நல்லா யோசிச்சியா?" என்றார்.

"யோசிச்சா போட்டிருக்கமாட்டேன்."

"ம்," என்றார். அதோடு சரி. ஆனால் அந்த வாரம் முழுவதும் கிளைக்குப் போகும்போது அவரும் கூடவே வந்து படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துத் தலைமையகத்திலிருந்து மகளிர் அமைப்பைச் சேர்ந்த ஒரு சீனப் பெண்மணி வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு, மாவு மில் படியேறி வந்தார். சின்ன உருவம். சத்தமே போடமாட்டார். எங்களோடு மலாயில்தான் பேசுவார். செயற்குழுவைக் கூட்டச் சொல்லி லாரிக்காரரை எதிரே உட்கார வைத்தார்.

"கல்யாணமா, கட்சியா? இரண்டில் ஒன்று சொல்லுங்கள்," என்றார்.

லாரிக்காரர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்குள் விட்ட ஆள் திருடிவிட்டதைப் போல ஆச்சரியத்தோடு பார்த்தார். எழுந்தார். சட்டைப் பையிலிருந்த உறுப்பினர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "எனக்குப் புள்ள வேணும். கட்சி பெத்துத் தருமா?" என்று தமிழில் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் என்ன சொன்னார் என்று அந்தப் பெண்மணி என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் ஜொகூரில் ஒரு மாரியம்மன் கோயிலில் அந்தக் கல்யாணம் நடந்தது. முதல் மனைவியும் போய் நின்றாள் என்று கேள்விப்பட்டேன். புதுப் புடவை கட்டியிருந்தாளாம்.

அதே சமயத்தில்தான் கட்சி இரண்டாக உடைந்தது. ஒருநாள் காலை கிளைக்குப் போனால் நாற்காலிகள் இல்லை. மின்விசிறி இல்லை. தட்டச்சு இயந்திரம் இருந்த இடத்தைச் சுற்றித் தூசி மட்டும் கட்டமாக நின்றது. பிரிந்துபோனவர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். ஏற்றிப்போனது லாரிக்காரரின் லாரியில். அவர் அந்தப் பக்கம் சேர்ந்து மாலையும் வாங்கிக்கொண்டார் என்று சொன்னார்கள். அவரோடு இருபது முப்பது பேர் போனார்கள். செயற்குழுவில் மிஞ்சியவர்கள் நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். "ஒரு கடுதாசி போட்ட வேலை" என்று என் காதுபட ஒருவர் சொன்னார். அந்தக் கடிதம் இல்லாவிட்டாலும் அவர்கள் போயிருப்பார்கள். அது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

எனக்கு அதைவிட வலித்தது வேறு. அவள் என்னைப் பார்க்க வரவே இல்லை. நான் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனேன். அந்தச் சின்னப் பெண்தான் கதவைத் திறந்தாள். கழுத்தில் மஞ்சள் ஈரம் காயாத தாலி. குழந்தை முகம். "அக்கா குளிக்கிறாங்க" என்றாள். அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் குளிக்கிற சத்தம் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

கிளையை விட்டுவிடலாம் என்று அப்போதே தோன்றியது. ஆனால் ஆள் இல்லாத அலுவலகத்தை யாராவது திறந்து வைக்க வேண்டியிருந்தது. நானும் இன்னும் மூன்று பெண்களும் பாய் விரித்து உட்கார்ந்து மனுக்களை எழுதினோம். இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. அப்போது தலைவர் என்னிடம், "தங்கச்சி, நீங்க இல்லேன்னா இதுக்குப் பூட்டுப் போட்டிருப்பாங்க," என்று ஒருமுறை சொன்னார். எங்களுக்குள் கடிதத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது தலைமையகத்துப் பெண்மணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "வேட்பாளர் பட்டியலுக்கு உன் பெயரையும் சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டுப் பேசுவார்கள். தைரியமாகப் பேசு," என்றார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று சொல்வது முழு உண்மை இல்லை. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது சட்டமன்றத்தில் எந்தப் பக்கம் உட்காருவேன், எந்தச் சேலை கட்டிக்கொண்டு போவேன் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

கூப்பிட்ட நாளில் தலைமையகத்துக்குப் போனேன்; ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஆண்கள். மலாயில் கேட்டார்கள். ஆங்கிலம் தெரியுமா? கொஞ்சம். வீட்டுக்காரர் சம்மதிக்கிறாரா? சம்மதிக்கிறார், அவர்தான் என்னைக் கட்சியில் சேர்த்தார். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்த நாலு வருஷமாக யார் பார்த்துக்கொண்டார்களோ அவர்கள்தான் என்றேன். ஒருவர் சிரித்தார். மற்றொருவர் தாளைப் புரட்டிக்கொண்டே, "உங்கள் கிளையில் ஒரு தகராறு நடந்ததாமே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

வந்த வேட்பாளர் ஆங்கிலப் பள்ளியில் படித்த இளைஞர். படிப்பாளி, மரியாதையானவர். தமிழர்தான், ஆனால் தமிழில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. கிளைத் தலைவர் என்னிடம் செய்தியைச் சொல்லும்போது கண்ணாடியைத் துடைத்தார். "வீடு வீடா நீங்கதான் அவரக் கூட்டிட்டுப் போகணும் தங்கச்சி. உங்களத்தான் எல்லாருக்கும் தெரியும்."

போனேன். அதே படிகள், அதே சந்துகள். முன்னால் நான் ஏறுவேன், கதவைத் தட்டுவேன், "இவருதான் நம்ம ஆளு" என்பேன். அவர் கும்பிடுவார். பெண்கள் அவரைத் தாண்டி என்னிடம் பேசுவார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா, "அப்ப நீ நிக்கலையாடி?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அந்த இளைஞருக்குப் புரிந்ததோ இல்லையோ, காதெல்லாம் சிவந்து போனது. "இல்லம்மா, இவரு நல்லாப் படிச்சவரு," என்றேன். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவருக்கு மாடி ஏற வழி தெரியலையாக்கும்," என்றார்.

அவர் ஜெயித்தார். வெற்றிக் கூட்டத்தில் மாலைகள் வந்துகொண்டே இருந்தன. யாரோ கூட்டத்துக்குள் தேடி வந்து என் தோளைத் தொட்டார்கள். மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன். "அக்கா, தேத்தண்ணிக்குப் பால் பத்தல," என்றார்கள். போய்ப் பால் வாங்கி வந்தேன். மறுவாரம் மகளிர் பகுதிப் புத்தகங்களையும் மேசைச் சாவியையும் தலைவரிடம் கொடுத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தவள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எழுப்பும்வரை தூங்கினேன். பகலில் அப்படி நான் தூங்கியதே இல்லை.

லாரிக்காரர் மனைவியைப் பிறகு தேக்கா மார்க்கெட்டில் பார்த்தேன். மீன்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளே வந்து என் கூடையை வாங்கிக்கொண்டாள். இருவரும் கடை கடையாக நடந்தோம். பிறகு சொன்னாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் பிள்ளை உண்டாகவில்லை. அவளை அவர் அடிக்கத் தொடங்கியபோது இவள் குறுக்கே விழுந்தாள். பிறகு இருவரையும் சேர்த்து அடித்தார். போன வருஷம் இவள் வீட்டை விட்டு வந்துவிட்டாள். பிஸ்கட் தொழிற்சாலையில் டின் அடைக்கிற வேலை. லாவண்டர் தெருப் பக்கம் வேறு இரண்டு பெண்களோடு ஒரு அறை.

"அந்தப் புள்ள?"

"அவ அம்மா வீட்டுக்கு நான்தான் ரயிலேத்தி விட்டேன்."

"என்மேல கோவமா ஒனக்கு?"

அவள் நின்றாள். "கோவமில்ல அக்கா. அன்னிக்கு நீங்க வந்தப்ப நான் உள்ளதான் இருந்தேன். புதுப் புடவை கட்டி அங்க போய் நின்னவ எப்படி உங்க முகத்துல முழிக்கிறது? அதான்." சொல்லிவிட்டு மீன்காரனைப் பார்த்துக் கத்தினாள்: "அந்த வாலுப் பக்கம் வேணாம் லா, நடுவுல வெட்டு!"

அந்த மனு எதற்கும் உதவாமல் போனதைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கூடையை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதன் பிறகு நாங்கள் தோ பாயோவில் புது அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். குழாய் வீட்டுக்குள்ளேயே வந்தது. அறுபதுகள் முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர், கட்சிக்காரர், மூச்சு வாங்க நின்றார். லிஃப்ட் பழுது, எட்டு மாடி ஏறி வந்திருக்கிறார். பாவமாக இருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். என்னைப் பற்றிப் பழைய ஆட்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இங்கே புதிதாகக் கிளை தொடங்குகிறார்கள். மகளிர் பகுதிக்கு ஒரு ஆள் வேண்டும்.

"யாராரு இருக்காங்க இப்ப?" என்று கேட்டேன்.

"இனிமேதான் அக்கா சேக்கணும். இந்தக் காலத்துப் பொண்ணுங்க யாரும் வரமாட்டேங்குறாங்க. எல்லாம் ஃபேக்டரிக்குப் போயிடுதுங்க."

"வந்தா என்ன குடுப்பீங்க?"

அவருக்குப் புரியவில்லை. "இல்ல அக்கா, இது தொண்டு…"

"அதக் கேக்கல தம்பி. தேர்தல்ல நிக்க வைப்பீங்களா?"

அவர் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றினார். பொய் சொல்லத் தெரியாத பையன். "அது மேல முடிவு பண்றது அக்கா," என்றார்.

எனக்குக் கால் வலி, வீட்டுக்காரருக்கும் உடம்பு சரியில்லை என்று சொன்னேன். இரண்டும் உண்மைதான். வேறு யாரையாவது தெரியுமா என்று கேட்டார். தெரிந்த பெண்களையெல்லாம் மனதில் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். ஒருத்தி ஜூரோங்கில் துணி ஆலையில், ஒருத்தி பேரப்பிள்ளைகளோடு, ஒருத்தி ஊருக்கே போய்விட்டாள். நன்றாகப் பேசுவாள், எந்த வீட்டுக்கும் துணிந்து போவாள் என்று நான் அடித்துச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். திங்கட்கிழமை அவள் வேலை செய்கிற பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் போய் நின்று, விஷயத்தைச் சொன்னேன்.

அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறிக்கொண்டே கேட்டாள். பிறகு சிரித்தாள், அன்றைக்குப் படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இல்லை, வேறு ஒன்று.

"எனக்கு அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட் அக்கா. தொழிற்சங்கத்துல வேற நானே பேரு குடுத்து, என்னை எடுத்திருக்காங்க, எங்க லைன் பொம்பளைங்களுக்குப் பேச. கட்சிக்காரங்கள வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க லா."

சங்கத்தில் ஓட்டுப் போட்டா எடுத்தார்கள் என்று கேட்டேன். ஆமாம், கை தூக்கினார்கள் என்றாள். எத்தனை பேர் எதிர்த்து நின்றார்கள் என்றும் கேட்டேன். யாரும் நிற்கவில்லையாம். அந்த வேலை யாருக்கும் வேண்டாமாம். இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவளுக்கு ஒரு பக்கம் போகிற பஸ், எனக்கு ஒரு பக்கம். அவள் பஸ் முதலில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் சன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் கிளம்பும்போது நான் கையசைத்ததை அவள் பார்த்திருக்கமாட்டாள்.